வள்ளல் அழகப்பரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர்

காரைக்குடியில் யாரைக் கேட்டாலும் வள்ளல் அழகப்பரைப் பற்றிச் சொல்வார்கள். சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தது, கல்லூரிகள் கட்டியது எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். கோட்டையூரில் பிறந்த அதே வள்ளல் 1950 வாக்கில் சென்னையில் ராமானுஜன் பெயரில் ஒரு கணித ஆய்வு நிறுவனம் தொடங்கினார். அதன் முதல் இயக்குநர் டி. விஜயராகவன். இந்தப் பெயரை நம் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

விஜயராகவன் 1902இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார், பரீட்சையில் சோபிக்கவில்லை. ராமானுஜனைப் போலவே தன் கணக்குகளை இங்கிலாந்துக் கணிதர் ஹார்டிக்கு எழுதி அனுப்பி, அவர் முயற்சியால் ஆக்ஸ்ஃபோர்டு போனார். திரும்பி வந்து அலிகாரில் வேலை. அங்கே இருந்த பிரெஞ்சுக் கணிதர் ஆந்த்ரே வெய்லைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டு, அந்த இடத்தை இவருக்குத் தந்தார்கள். நண்பரை அனுப்பிவிட்டுத் தரும் பதவி வேண்டாமென்று டாக்காவுக்குப் போய்விட்டார். கணக்கு தெரியாதவர்களும் இந்த மனிதரை மதிக்க இது ஒன்றே போதும்.

கணக்குக்கு வருவோம். கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறந்து தங்க விகிதம் எனப்படும் எண்ணை, அதாவது ஏறக்குறைய 1.6180339887ஐ, அதாலேயே பெருக்கிக்கொண்டே போங்கள். 10ஆம் அடுக்கு 122.9919. 15ஆம் அடுக்கு 1364.0007. 20ஆம் அடுக்கு 15126.9999. போகப் போக முழு எண்ணை ஒட்டிக்கொண்டே வருகிறது! இந்தக் குணம் உள்ள எண்களுக்குத்தான் பிசோ–விஜயராகவன் எண்கள் என்று பெயர். இப்போது 1.5ஐ அப்படிப் பெருக்குங்கள். புள்ளிக்குப் பின்னால் வருவது எங்கும் நிலைகொள்ளாமல் அலையும். அது ஒரு சில இடங்களைச் சுற்றி அடங்கிவிடாது என்று நிரூபித்தவரும் விஜயராகவன்தான். அதற்கு மேல் அந்த 1.5இன் போக்கு இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை.

1955இல் அவர் காலமானார், 1957இல் வள்ளலும் போய்விட்டார். பணமில்லாமல் நிறுவனம் மூடப்படும் நிலை. வானியற்பியலாளர் சந்திரசேகர் நேருவிடம் எடுத்துச் சொன்னார். சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. இன்றும் அது அங்கே நடக்கிறது.

டிசம்பர் 22 கணித தினத்தன்று நம் பள்ளிகளில் ராமானுஜனின் 1729 கதையைச் சொல்கிறோம், சொல்லட்டும். கூடவே பிள்ளைகள் கையில் ஒரு கால்குலேட்டரைக் கொடுத்து, 1.6180339887ஐயும் 1.5ஐயும் அருகருகே பெருக்கிப் பார்க்க விடுங்கள். ஒரு பீரியட் போதும். கணக்கு வாத்தியார்கள் யாராவது செய்ய முன்வந்தால் நானும் வந்து உடன் நிற்கிறேன்.