"நடிகர் தேவை": அந்த நான்கு வரி அறிவிப்பு

விருதுப் பட்டியல் வெளியாகும்போதெல்லாம் நம்மிடையே ஒரே சண்டைதான். "தகுதியை மட்டும் பாருங்கள், இனத்தை ஏன் இழுக்கிறீர்கள்" என்பார் ஒருவர். "எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லையே" என்பார் இன்னொருவர். இருவரும் பேசுவது கடைசிக் கட்டத்தை. நடிப்பு விருதுக்கு ஒரு பெயர் போக வேண்டுமானால், முதலில் அந்தப் பெயருக்கு ஒரு வேடம் கிடைத்திருக்க வேண்டும். வேடம் யாருக்கு என்பது, "நடிகர் தேவை" என்று வாட்ஸாப்பில் சுற்றும் நான்கு வரியிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

ஆஸ்கர் விதியைப் பற்றித் தப்பாகவே பேசப்படுகிறது, அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன். 2015, 2016 இரண்டு விழாக்களிலும் நடிப்புக்கான 20 பரிந்துரைகளும் வெள்ளையருக்கே போயின. அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகு, 2020இல் ஆஸ்கர் வழங்கும் அகாடமி அறிவித்த பன்முகத்தன்மை விதிகள் 2024 விழாவிலிருந்து கட்டாயமாயின. அதுவும் சிறந்த படம் என்ற ஒரே பிரிவுக்கு. திரையில் வருவோரும் கதையும், படக்குழு, சம்பளத்துடன் கூடிய பயிற்சி வாய்ப்பு, விளம்பர விநியோகப் பிரிவினர் என நான்கு அளவுகோல்கள். இரண்டில் தேறினால் போதும். ஆகவே முழுக்க வெள்ளையர் நடித்த படமும் மற்றவற்றில் தேறிப் போட்டிக்கு வரலாம். சிறந்த நடிகர், நடிகை விருதுகளில் எந்த ஒதுக்கீடும் கிடையாது. தகுதி பறிபோனதாக வருந்துவோரும், நடிகர் தேர்வே மாறிவிடும் என நம்புவோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டா செய்தது எனக்கு மேலாகப் படுகிறது. 2020இல் அங்கும் 20 பேரும் வெள்ளையர். அடுத்த ஆண்டு நடிப்புப் பிரிவுகளில் பரிந்துரைகளை 5இலிருந்து 6 ஆக்கினார்கள். வாக்களிக்கும் உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்கு ஒதுக்கப்பட்ட 15 படங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றும் விதித்தார்கள். விளம்பரப் பணம் இல்லாத படங்கள் பெரும்பாலும் தோற்பது, அவற்றை யாருமே பார்க்காததால்தான்.

இனி நம் ஊர், சிங்கப்பூர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் இந்தியர் 9 விழுக்காடு. பிரான்சின் கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிக்குள் நுழைந்த முதல் சிங்கப்பூர்ப் படம், எரிக் கூவின் 'மை மேஜிக்' (2008), தமிழ் பேசியது. கே. ராஜகோபாலின் 'ஏ யெல்லோ பேர்ட்' 2016இல் அதே கானில் 'விமர்சகர் வாரம்' என்ற பிரிவுக்குப் போனது. வேடம் எழுதப்பட்டபோது திறமை தானாகவே வெளியில் வந்தது. அப்படியிருக்க, 2019இல் ஒரு விளம்பரத்தில் சீன நடிகர் ஒருவர் முகத்தில் பழுப்புச் சாயம் பூசி இந்தியராக நின்றார். இந்திய வேடத்துக்கே இந்தியரை அழைக்கத் தோன்றாத இடத்தில் தகுதியைப் பற்றி என்ன பேச?

அறிவிப்பு எழுதும்போது ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு கேள்வி கேட்டால் போதும்: இனத்தை மாற்றினால் கதை உடையுமா? மருத்துவர், வகுப்பாசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்றால் பெரும்பாலும் உடையாது. "எந்த இனத்தவரும்" என்று எழுதுங்கள். எழுதாவிட்டால், ஆங்கில நாடகத்துக்கு நம் பிள்ளைகள் தங்களை அழைக்கவில்லை என்றே எண்ணி ஒதுங்கிவிடுவார்கள். குடும்பமாக வரும் வேடங்களில் ஒருவரை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றவர்களைத் தேடுங்கள். தாய், தந்தை, பிள்ளை மூவரையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால் கடைசியில் ஒட்டாது.

ஆடிஷனில் எல்லாருக்கும் அதே இரண்டு காட்சிகள், இரண்டு நாள் முன்பே. எதிர்வசனம் சொல்பவரும் ஒரே ஆளாக இருக்கட்டும், அவருக்குத் தமிழ் வர வேண்டும். தமிழ் தெரியாத உதவியாளர் ஒப்பித்தால், எதிரில் நிற்பவரின் நடிப்பும் செத்துவிடும். ஆங்கில எழுத்தில் தட்டிய வசனத்தாள் இன்னொரு தொல்லை. 'palam' என்று இருந்தால் அது பழமா, பலமா, பாலமா? அந்த அரை நொடித் தடுமாற்றத்துக்கு மதிப்பெண் குறைகிறது. தமிழ் எழுத்திலும் சேர்த்துக் கொடுங்கள். முதல் டேக் அவர் விருப்பப்படி, இரண்டாவது ஒரே ஒரு திருத்தம் சொன்ன பிறகு. சொன்னதை வாங்கிக்கொள்ளும் திறன் இரண்டாவதில்தான் தெரியும். பார்ப்பவர்கள் பேசுவதற்கு முன்பே மதிப்பெண்ணை எழுதிவிட வேண்டும். இயக்குநர் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

பல மொழிப் படங்கள் மோதும் விருதுகளில் திரையின் கீழே ஓடும் துணைவசனம்தான் தீர்ப்பு எழுதுகிறது. "வாங்க" என்று அழைத்துவந்த மருமகள் ஒரு நாள் "வா" என்கிறாள். காட்சியின் உயிரே அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்தான். தமிழ் தெரிந்த ஒருவராவது நடுவர் குழுவில் இல்லையென்றால், அந்த நடிகைக்குக் கிடைப்பது பாதித் தீர்ப்பு. சின்ன ஊர் என்பதால் நடுவர் ஒருவர் போட்டியாளரோடு வேலை பார்த்தவராக இருப்பது சகஜம். அந்தப் பிரிவில் மட்டும் அவர் விலகிவிட வேண்டும்.

நம்மிடமும் குறை இருக்கிறது. சாயம் பூசியவரைக் கண்டிக்கும் நாமே தமிழ் அறிவிப்பில் "நல்ல நிறம்" என்று கூசாமல் எழுதுகிறோம். எழுதாத இடத்தில் அந்த வேலையைக் கேமரா செய்துவிடுகிறது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று கைப்பேசியில் எடுத்தால், அது சுவரின் பளிச்சைச் சமாளிக்க ஒளியைக் குறைக்கும். கறுத்த முகம் இருண்டு, கண்ணசைவே தெரியாது. ஆடிஷன் வீடியோ அனுப்பச் சொல்லும்போதே இவற்றையும் எழுதுங்கள்: பின்னால் சாம்பல் அல்லது நீலச் சுவர் இருக்கட்டும், வெளிச்சம் முகத்துக்குப் பக்கவாட்டிலிருந்து வரட்டும், திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளி அளவைப் பூட்டிவிட்டுப் பதிவைத் தொடங்கவும்.