வரி நம்பருக்காக தபால் பெட்டியையே பாத்துட்டு நிக்கிறேன்

பெர்லின்ல கம்பெனி ஆரம்பிக்க இறங்கி அஞ்சு மாசம் ஆச்சு, இன்னும் ஒரு பில்லு கூட போட முடியல. ஜிஎம்பிஹெச்சுக்கு (நம்ம ஊர் பிரைவேட் லிமிடெட் மாதிரி கம்பெனி) மூலதனம் 25,000 யூரோ, பதியறதுக்கு முன்னாடி குறைஞ்சது 12,500 பேங்க்ல போட்டிருக்கணும், சரி போடலாம், ஆனா நோட்டரிகிட்ட பத்திரம் முடிச்சாத்தான் கம்பெனி பேர்ல அக்கவுண்ட், பணம் போட்ட சான்று காட்டினாத்தான் நோட்டரி பதிவுக்கு அனுப்புவாரு, நடுவுல பேங்க்காரங்க ஆறு வாரம் இழுத்தடிச்சு கடைசில காரணமே சொல்லாம முடியாதுன்னுட்டாங்க. திரும்ப மொதல்லேர்ந்து வேற பேங்க்.

அந்த நோட்டரி ஆபீஸ்ல பத்திரத்த ஒரு வரி விடாம சத்தமா வாசிக்கணும், அது சட்டம். எனக்கு அந்த அளவுக்கு ஜெர்மன் வராது, பக்கத்துல மொழிபெயர்ப்பாளர் உக்காந்து ஒவ்வொரு பத்தியா சொன்னாங்க. அதுக்குத் தனியா காசு. அது கூட நியாயம்தான், எதுல கையெழுத்து போடறோம்னு புரியுதுல்ல.

தாங்க முடியாதது இந்த வரி நம்பர்தான். எல்ஸ்டர்ங்கிற வரித்துறை வெப்சைட்ல ஃபார்ம் அனுப்பி ஒன்பது வாரம், நம்பர் தபால்ல வரும்ங்கிறாங்க. அது இல்லாம முறையான பில் போட முடியாது, வேலைய முடிச்சுக் குடுத்துட்டு காசு கேக்க முடியாம உக்காந்திருக்கேன்.

நேத்து பெட்டில ஒரு கவர் இருந்துச்சு, ஜெர்மன் அரசாங்கத்தோடது மாதிரியே கழுகு முத்திரை எல்லாம் போட்டு, கை நடுங்கப் பிரிச்சா பதிவுக் கட்டணம்னு 800 யூரோ கேட்டு எவனோ அனுப்பின போலி பில்லு. புதுசா பதிஞ்ச கம்பெனிகளோட முகவரிய பொதுப் பதிவேட்டுலேர்ந்து எடுத்து அனுப்பறானுங்க. மொழி தெரியாதவங்க எத்தன பேர் பயந்து கட்டிருப்பாங்க!