அணியம் வானத்தைப் பாக்குது

(தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை. முழங்கால் தண்ணீரில் 28 அடி ஃபைபர் வள்ளம் மிதக்கிறது. அதன் முன்முனை அணியம், பின்முனை அமரம். பின்னால் 9.9 குதிரைசக்தி அவுட்போர்டு. அதை ஒட்டி, அழுக்கு வேட்டி போர்த்திய ஏதோ ஒன்று குத்துக்கல் மாதிரி நிற்கிறது. வள்ளக்காரர் சூசை, இன்ஜின் மெக்கானிக் பிச்சையா.)

சூசை: அண்ணாச்சி, இன்ஜின்ல இழுவையே இல்ல. ப்ரொப்பல்லரை மாத்தணுமான்னு பாருங்க.

பிச்சையா: அது கெடக்கட்டும். முழு முறுக்குல ஓட்டும்போது உனக்கு முன்னால என்னல தெரியுது?

சூசை: மேகம்.

பிச்சையா: கடல்?

சூசை: அது ரெண்டு பக்கமும் தெரியும்.

பிச்சையா: அணியம் வானத்தைப் பாத்து ஓடுது, பழி இன்ஜின் மேலயா? இங்க வேட்டி கட்டி நிக்கது யாரு?

சூசை: பாட்டரி.

பிச்சையா: (வேட்டியைத் தூக்கிப் பார்த்து) ஏலே, இது வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரில்லா!

சூசை: 150 ஏ.எச்., ஆம்பியர்-மணிக் கணக்கு. போன மாசம் வாங்குனது. ஆழம் பாக்குற எக்கோ சவுண்டர், வயர்லெஸ், 4 எல்.இ.டி. விளக்கு எல்லாம் இதுலதான். வீட்டுல இப்ப கரண்ட் போறதே இல்லையே. (குரலைத் தாழ்த்தி) அவளுக்கு இன்னும் தெரியாது.

பிச்சையா: இது 60 கிலோ வருமே, எப்படிக் கொண்டாந்த?

சூசை: நாலு பேரு. ரெண்டு பேருக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு.

பிச்சையா: சரி, கணக்குப் பாப்போம். அமரத்துல இன்ஜின் 40 கிலோ. ஹேண்டிலைப் பிடிச்சு நீ 75. எண்ணெய் கேன் 35 லிட்டர், அது 28 கிலோ. இது 60. மொத்தம் 203 கிலோ கடைசி நாலடியில குந்தியிருக்கு. ஸ்டியரிங் வச்ச போட்டுன்னா ஓட்டுறவன் நடுவுல உக்காருவான். ஹேண்டில் வண்டியில நீயே ஒரு மூட்டை, நகரவும் முடியாது. நகத்த முடிஞ்சது பாட்டரிதான். அதையும் கொண்டாந்து உன் மடியில வச்சிருக்க.

சூசை: அதனாலதான் மச்சானை அணியத்துல உக்கார வச்சிருக்கேன்.

பிச்சையா: அவன் எத்தன கிலோ?

சூசை: 50 இருப்பான். மழையில நனைஞ்சா 51.

பிச்சையா: காவடி மாதிரி நெனச்சுக்க. பாட்டரி நடுவுலருந்து 11 அடி பின்னால, 60 கிலோ. பெருக்குனா 660. மச்சான் 10 அடி முன்னால உக்காந்தா 66 கிலோ இருக்கணும்.

சூசை: 16 கிலோ ஏத்தணும்னா அவனுக்குச் சோறு போட்டே நான் கடனாளி ஆயிருவேன். பேசாம பாட்டரியைத் தூக்கி அணியத்துல வச்சிருவோமா?

பிச்சையா: இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடியா? அலை முதல்ல மோதுறது அங்கதான். தூக்கித் தூக்கிப் போடுற குலுக்கல்ல உள்ள தகடெல்லாம் உதிரும். அதுகூடப் போகட்டும். கரைக்குத் திரும்பும்போது அலை பின்னாலருந்து தள்ளும். மூக்கு கனமா இருந்தா முன்னால இருக்க அலையில குத்தும், பின்பக்கம் சுத்தி வந்து வள்ளம் குறுக்க விழும். அப்புறம் நீ நீந்தி வரணும்.

சூசை: பாட்டரி?

பிச்சையா: அது நீந்தாது. இந்த மாதிரி தண்ணி ஊத்துற பாட்டரியில உப்புத்தண்ணி எறங்குனா குளோரின் வாயு கெளம்பும். கிட்டத்தட்ட ஒரு முழ உசரம் வேற, ஆட்டத்துல சாஞ்சா ஆசிட்டு மூடி வழியா வடியும். இதுக்குத் தோதான இடம் ஒண்ணுதான் இருக்கு.

சூசை: எங்க?

பிச்சையா: உன் வீட்டுல, டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழ. 4 விளக்கையும் விடிய விடியவா எரிக்க?

சூசை: ரெண்டு விளக்கு சும்மா அழகுக்கு.

பிச்சையா: அழகை அணைச்சிரு. 10 வாட்ஸ் விளக்கு ரெண்டு, 1.7 ஆம்பியர். சவுண்டர் 1. வயர்லெஸ் கேக்க மட்டும் அரை. 3.2 ஆச்சு. 10 மணி நேரத்துக்கு 32 ஏ.எச். ஈய பாட்டரியைப் பாதிக்கு மேல இறக்கக் கூடாது. ஆக 65 ஏ.எச். போதும். சீல் வச்சது வாங்கு, 20 கிலோ பக்கம் வரும். சார்ஜுக்கு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக ஒரு ஆள் போதும்.

சூசை: இன்ஜின் சாய்வை மாத்துற பின் இருக்கில்லா, அதை ஒரு ஓட்டை உள்ள தள்ளிப் போட்டேன் அண்ணாச்சி, அணியம் கொஞ்சம் எறங்குச்சே?

பிச்சையா: எறங்கும். இன்ஜின் பலத்துல ஒரு பங்கை உன் பின்பக்கத்தைத் தூக்கவே செலவழிக்கும். எண்ணெய் குடிக்கும். முதல்ல பாரத்தை மாத்து, அப்புறம் பின்னு. ஓட்டத்துல இன்ஜின் தண்டு தண்ணிக்கு நேர் செங்குத்தா நிக்கணும், அப்படி நிக்க வைக்கதுதான் சரியான ஓட்டை.

சூசை: அப்ப எங்கதான் வைக்க?

பிச்சையா: வாங்குறதுக்கு முன்னாடி 20 லிட்டர் தண்ணி கேன் ஒண்ணு ரொப்பு. அது 20 கிலோ, அதுதான் உன் பாட்டரி. வலை, ஐஸ், எண்ணெய், மச்சான் எல்லாம் ஏத்திக்க. காத்தில்லாத விடியக்காலையில முதல்ல கேனை அமரத்துல வச்சு முழு முறுக்குல ஓட்டு. ஜி.பி.எஸ். வேகத்தைக் குறி. அப்புறம் ரெண்டடி ரெண்டடியா முன்னால நகத்தி, ஒவ்வொரு தடவையும் குறி. உக்காந்த வாக்குல அணியத்துக்கு மேல கடல்கோடு தெரியணும். அணியம் தவளை மாதிரி தவ்வக் கூடாது. முகத்துல தண்ணி அடிக்க ஆரம்பிச்சா ஒரு அடி பின்னால வா. உன் வள்ளத்துக்கு நடுப்பலகைக்கு அடியிலதான் வந்து நிக்கும்னு நெனைக்கேன்.

சூசை: நட்ட நடுவுலயா?

பிச்சையா: இடது ஓரமா. நீ வலப்பக்கம் உக்காந்து இடது கையால ஹேண்டில் பிடிக்க. 75 கிலோ, ஒன்றரை அடி வலது. அங்க 112. பாட்டரி 20 கிலோ, ரெண்டரை அடி இடது, 50. எண்ணெய் கேன் ரெண்டடி இடது, 56. இங்க 106. ஏறக்குறைய சமம். எண்ணெய் குறையக் குறைய வலப்பக்கம் சாயும், அப்ப மீன் பெட்டியை இடது ஓரத்துக்கு நகத்து.

சூசை: மீன் இல்லன்னா?

பிச்சையா: மச்சானை நகத்து. இப்ப முக்கியமான சங்கதி. பாட்டரி நடுவுக்குப் போகுது, சவுண்டரும் வயர்லெஸும் உன் பக்கத்துல. ஓரமா வளைச்சுக் கொண்டு போனா 6 மீட்டர், போக வர 12 மீட்டர் வயர். இப்ப என்ன வயர் போட்டிருக்க?

சூசை: வீட்டுல மிச்சம் கெடந்த ஒன்றரை ஸ்கொயர் கனத்து வயரு. வெட்டாம சுருட்டிப் போட்டிருக்கேன்.

பிச்சையா: வீட்டுல ஏதாச்சும் மிச்சம் வச்சிருக்கியாலே? வயர்லெஸ்ல பேச மைக்கை அமுக்குனா மொத்தம் 8 ஆம்பியர் இழுக்கும். ஒன்றரை ஸ்கொயர்ல அவ்வளவு தூரத்துக்கு 1 வோல்ட்டுக்கு மேல வழியிலயே போயிரும். 12 வோல்ட்டு 11 ஆகி, நீ "அலோ"ன்னதும் செட்டு அணைஞ்சாலும் அணைஞ்சிரும்.

சூசை: அட, நான் அடுத்த வள்ளத்துக்காரன் வேணும்னே பதில் சொல்லலன்னு திட்டிட்டு இருந்தேன்.

பிச்சையா: 4 ஸ்கொயர் போடு, அரை வோல்ட்டுக்குள்ள அடங்கும். வெள்ளீயம் பூசின செம்பா வாங்கு, உப்புக் காத்துல பச்சை பூக்காது. பாஸிட்டிவ்ல, பாட்டரியிலருந்து ஒரு சாணுக்குள்ள 15 ஆம்பியர் ஃபியூஸ். டெர்மினல்ல வாசலின். அடியில ரப்பர் மேட்டு, சுத்தி மரச்சட்டம். சட்டத்தை ரெசின் ஊத்தி ஃபைபர் மேட்டு போட்டு ஒட்டு, தரையில ஸ்க்ரூ அடிச்சிராத. மேல பெல்ட்டு. கையால உலுக்கிப் பாரு, 1 அங்குலத்துக்கு மேல அசையக் கூடாது. எண்ணெய் கேனைக் கிட்டக்க விடாத.

(சூசையின் செல் அடிக்கிறது. திரையைப் பார்க்கிறார். எடுக்காமல் பிச்சையாவிடம் நீட்டுகிறார்.)

சூசை: அண்ணாச்சி, நீங்களே பேசுங்க. கரண்ட் போயிருச்சு போல.

பிச்சையா: நான் என்னத்தல சொல்ல?

சூசை: பாட்டரி இடத்தைப் பத்தி எங்கிட்ட இம்புட்டு நேரம் சொன்னியல்லா. அதையே சொல்லுங்க. அந்த ரெண்டு பேரு இடுப்பு விசயம் மட்டும் வேண்டாம், அதுல ஒருத்தன் அவ தம்பி.