பழைய ஈசிஜியைத் தூக்கிப் போடாதீர்கள்

மேலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் கண்புரை ஆபரேஷன். அதற்காக மதுரையில் ஈசிஜி எடுத்து, 'நார்மல்' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாள் பட்டா நகலோடு மஞ்சப்பைக்குள் போய்விட்டது. போன பங்குனியில் ஒருநாள் காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது, எடுக்கக் குனிந்தவருக்கு வாய் ஒருபக்கம் கோணிவிட்டது. ஸ்ட்ரோக். இதயத் துடிப்பு தாளம் தப்பி அடிக்கிறது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார் டாக்டர். இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் சும்மா நடுங்கிக்கொண்டே இருக்கும், ரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்தான். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு.

"அன்னைக்கு நல்லாருக்குன்னுதானப்பா எழுதிக்குடுத்தாக?" என்று பெரியம்மா கேட்டார்.

எழுதியதில் தப்பில்லை. இந்தத் தாளத் தப்பு வந்து வந்து போகும், ஈசிஜி பார்ப்பதோ 10 விநாடி. ஆனால் துடிப்பு சரியாக இருக்கும்போது எடுத்த ஈசிஜியிலும் தடயம் இருக்கிறது. பெரிய கூம்புக்கு முன்னால் வரும் குட்டி மேட்டை பி அலை என்பார்கள், அது அகன்று கிடந்தால் மேலறை வீங்கியிருக்கலாம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 1.8 லட்சம் பேரின் துடிப்பு சரியாக இருந்தபோது எடுத்த ஆறரை லட்சம் ஈசிஜிகளை வைத்துக் கம்ப்யூட்டரைப் பழக்கிச் சோதித்தார்கள். அப்புறம் ஒரே ஒரு ஈசிஜியை வைத்தே இந்தக் கோளாறு உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று நூற்றுக்கு 79 முறை சரியாகப் பிரித்தது. மனிதக் கண்ணுக்குப் படாததை அது பார்க்கிறது! அது சொல்வதை நம்பி உடனே மாத்திரை போட வேண்டியதில்லை, சந்தேகம் வந்தவருக்கு துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்டர் என்ற சின்னக் கருவியை உடம்பில் மாட்டி ஒன்றிரண்டு நாள் பார்க்கலாமே.

ஆபரேஷன், மாஸ்டர் செக்கப், இன்சூரன்ஸ் என்று நம்ம ஊரில் தினமும் எத்தனை ஈசிஜி எடுக்கிறார்கள்! பெரும்பாலும் அது வெப்பத்தாளில் அச்சாகி வெளுத்துப்போகிறது. பெரியப்பாவின் தாளைத் தேடி எடுத்தபோது கோடே தெரியவில்லை, 'நார்மல்' என்ற பேனா எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆஸ்பத்திரிகள் ஈசிஜியை ஃபைலாகச் சேமித்து நோயாளிக்கும் தர வேண்டும். அதுவரைக்கும் நாமாவது அன்றைக்கே போட்டோ எடுத்து வைப்போம், அடுத்த முறை ஈசிஜி எடுக்கும்போது பழையதையும் டாக்டரிடம் காட்டி, "ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க சார்" என்று கேட்போம். 60 தாண்டியவர்கள், பிரஷர், சுகர் இருப்பவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்.