போதும்பொண்ணு

2025 மே 11, ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு ஞானஸ்நானம் நடந்தது. சென்னையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று மருமகன் வீட்டில் சொன்னார்கள். நான்தான் ஊரில், எங்கள் கோவிலில்தான் என்று அடம்பிடித்தேன். திருச்செந்தூருக்குத் தெற்கே, தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கிற ஊர். மே மாத வெயிலில் ஏழு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போக வேண்டுமா என்று வீட்டுக்காரி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. போனோம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் முதுகு முழுக்க வேர்க்குரு.

வெயிலைக்கூடச் சமாளித்துவிட்டோம். பெயர்தான் பெரும்பாடாகிவிட்டது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 43 பேர். ஆளுக்கு ஒரு பெயர். 'ஜெ'யில் ஆரம்பிக்க வேண்டும் என்று மைனி, கடைசியில் 'லின்' வந்தால் அழகாக இருக்கும் என்று தம்பி மகள். ஜெரோலின், ஜெஷ்வினா, ஷெபினா என்று வந்துகொண்டே இருந்தது. அர்த்தம் என்ன என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் கூகுளில் தேடி 'கடவுளின் பரிசு' என்று பதில் போட்டார்கள். எந்தப் பெயரைக் கேட்டாலும் கடவுளின் பரிசுதான். இவ்வளவு பரிசையும் கடவுள் எந்தக் கடையில் வாங்குகிறாரோ தெரியவில்லை.

எங்கள் அப்பா தலைமுறையின் பெயர்களை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஞானமுத்து, வேதமாணிக்கம், ஞானசிகாமணி, ஆசீர்வாதம், கோவில்பிள்ளை. பெண்கள் என்றால் ஞானப்பூ, ஜெபக்கனி, அன்னபாக்கியம், கிருபைமணி. ஆளைப் பார்க்காமலே இது திருநெல்வேலிச் சீமை என்று சொல்லிவிடலாம். கத்தோலிக்கர்கள் இதில் புராட்டஸ்டண்டுகளான எங்களுக்கும் மேலே. பேதுருவை இராயப்பர் ஆக்கினார்கள், பவுலைச் சின்னப்பர் ஆக்கினார்கள், யோவானை அருளப்பர் ஆக்கினார்கள். ஸ்தேவான் என்ற கிரேக்கப் பெயருக்கு முடி, கிரீடம் என்று பொருள், அதனால் அவர் முடியப்பர். யாரோ உட்கார்ந்து யோசித்து, ருசித்து வைத்த பெயர்கள் இவை. அந்நிய மதம் தமிழனின் பெயரைப் பிடுங்கிக்கொண்டது என்று இப்போது மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பட்டியலை ஒரு தடவை வாசித்தால் நல்லது. அதே பட்டியலைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு ஜெஷ்வினாவுக்குப் போன நாங்களும் வாசித்தால் நல்லது.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் அந்த வியாழக்கிழமை ராத்திரி வந்தது, மே 8. பாகிஸ்தான் எல்லையில் சண்டை, எல்லாச் சேனலிலும் அதுதான். இரவு பத்து மணி வாக்கில் சேனலை மாற்றினால் வத்திக்கானில் வெள்ளைப் புகை, புதுப் போப்பாண்டவர் தேர்வாகிவிட்டார் என்று அர்த்தம். நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, போப்பாண்டவருக்கும் எங்கள் சபைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, இருந்தாலும் பார்த்தோம். ராபர்ட் பிரீவோஸ்ட், சிகாகோவில் பிறந்தவர், பல வருடம் பெருவில் ஊழியம் செய்தவர், இனிமேல் பதினான்காம் லியோ. கத்தோலிக்க நண்பர் ஒருவருக்கு வாழ்த்து அனுப்பினேன். "லியோன்னா யாரு தெரியுமாவே, சிங்கராயர். எங்க தாத்தா பேரு" என்று பதில் வந்தது. இத்தனை வயதுக்கு அப்புறம்தான் எனக்கு உறைத்தது: லியோ என்றால் சிங்கம், அதனால்தான் சிங்கராயர்.

சனிக்கிழமை போப்பாண்டவர் கர்தினால்களிடம் பெயருக்குக் காரணம் சொன்னார். பதின்மூன்றாம் லியோ 1891இல், தொழிற்புரட்சிக் காலத்தில், தொழிலாளர்களின் நிலை பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து உழைப்புக்கும் மனித மாண்புக்கும் அதே மாதிரி ஒரு சவாலை வைத்திருக்கிறது, அதனால் அந்தப் பெயரை எடுத்தேன் என்று. எனக்குப் பிடித்திருந்தது. 69 வயதில் ஒரு மனிதர் யோசித்து, தனக்குத்தானே ஒரு பெயர் வைத்துக்கொள்கிறார். நம்மில் யாருக்கு அது வாய்த்தது? போப்பாண்டவர்கள் பெயர் மாற்றும் வழக்கமே 533இல்தான் ஆரம்பித்தது. அன்றைக்குத் தேர்வானவரின் பெயர் மெர்க்குரியுஸ், ரோமர்களின் தெய்வப் பெயர். அது சரிவராது என்று இரண்டாம் யோவான் ஆனார். ஆனால் அதற்கும் கிட்டத்தட்ட ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். பெபேயாள், எர்மே என்று கிரேக்கத் தெய்வப் பெயர்களோடேயே ஆட்கள் வாழ்த்துதலில் வரிசையாக நிற்கிறார்கள். பவுல் ஒருவரையும் பெயரை மாற்றிக்கொண்டு வா என்று சொன்னதாகத் தெரியவில்லை.

நம்ம பக்கம் பெயர் மாறின கதைக்கு வருகிறேன். நட்டாலத்து நீலகண்டன், திருவிதாங்கூர் அரசாங்க ஊழியத்தில் இருந்தவர். 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுக்காரர் டிலனாய் மூலமாக வேதத்தைக் கேட்டு, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசரு என்ற பெயரின் பொருளைத் தமிழாக்கி அவருக்குத் தேவசகாயம் என்று பெயர் வைத்தார்கள். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆனால் 270 வருடமாக அவர் பெயருக்குப் பின்னால் 'பிள்ளை' ஒட்டிக்கொண்டே வந்தது. சாதியை எதிர்த்தவர் பெயரில் சாதி வேண்டாம் என்று சிலர் விடாமல் எழுதிப் போட்ட பிறகுதான் வத்திக்கான் அதை எடுத்தது. முன்னால் இருந்த நீலகண்டன் ஒரே நாளில் போனது, பின்னால் இருந்த பிள்ளை போக இரண்டே முக்கால் நூற்றாண்டு.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் கட்டின கோவில், சாதிக்கு ஒரு பக்கம் என்று இரண்டு காலாகப் பிரிந்து நின்றது. கால்சட்டைக் கோவில் என்பார்கள். 1910இல் குருக்கள் நடுச்சுவரை இடித்தபோது, எங்கள் உரிமை போச்சு என்று மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வழக்குப் போட்டு, மதராஸ் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றார்கள்.

எங்கள் புராட்டஸ்டண்டு பக்கமும் பெருமைப்பட ஒன்றும் இல்லை. தஞ்சாவூர்ப் பிராமண விதவை ஒருவருக்கு, அவர் கூட வாழ்ந்த ஆங்கில அதிகாரி இறந்த பிறகு, 1778இல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் (எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம்) ஞானஸ்நானம் கொடுத்து கிளாரிந்தா என்று பெயர் வைத்தார். பாளையங்கோட்டையில் 1780இல் சபைப் பதிவேடு தொடங்கியபோது அதில் 40 பேர், முதல் பெயர் அந்த அம்மாளுடையது. 1785இல் அவர் கட்டின சின்னக் கோவில் இன்னும் இருக்கிறது. ஜனங்கள் அதற்கு என்ன பெயர் சொல்கிறார்கள்? பாப்பாத்தியம்மாள் கோவில். பதிவேட்டில் முதல் வரியில் கிளாரிந்தா என்று எழுதியும் ஊர் வாயில் சாதிதான் நின்றது.

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் ஆச்சியின் அம்மாவுக்குப் பெயர் போதும்பொண்ணு. வரிசையாக நாலாவது பெண். இனிமேல் பெண் வேண்டாம் சாமி என்று வைத்த பெயர், நம் ஊர்களில் இது சகஜம். அடுத்துப் பிறந்தது பையன்தான், "பேரு வேலை செஞ்சிட்டுல்லா" என்று ஆச்சி பொக்கை வாயோடு சிரிப்பாள். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பல வருடம் கழித்து ஒரு சான்றிதழ் வேலைக்காகக் கோவிலின் பழைய பதிவேட்டைப் புரட்ட வேண்டி வந்தது. செல்லரித்த காகிதம், ஓரமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்கிறது, மை பழுப்பேறி இருக்கிறது. 1878. ஒரே பக்கத்தில் ஒரு குடும்பமே வரிசையாக. தகப்பன் தொழில்: பனையேற்று. அதற்குக் கீழே, வயது ஆறு, பெயர் அருமைக்கனி. ஆச்சி சொன்ன "எங்க அம்மைக்குக் கோயில் பேரு" அதுதான்.

1878 என்றால் தாது வருஷப் பஞ்சத்தின் வால். அந்த வருடங்களில் திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கில் சபையில் சேர்ந்தார்கள், எங்கள் ஆட்களும் அந்தக் கூட்டத்தில்தான். கஞ்சிக்காகப் போனவர்கள் என்று யாராவது சொன்னால் நான் மல்லுக்கு நிற்க மாட்டேன். ஆமாம், பசித்தது, கஞ்சி ஊற்றினார்கள், போனார்கள். இதில் வெட்கப்பட வேண்டியது கஞ்சி குடித்தவர்களா, அதுவரை ஒரு வாய் ஊற்றாதவர்களா? ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது நான் கஞ்சியைப் பற்றி நினைக்கவில்லை. எழுதினது பாதிரியாருக்குக் கீழே ஊரில் சபையைக் கவனிக்கிற யாரோ ஒரு உபதேசியாராக இருக்க வேண்டும், கையெழுத்து குண்டு குண்டாக இருக்கிறது. 'போதும்' என்று கூப்பிடப்பட்ட ஆறு வயதுப் பிள்ளையைப் பார்த்து, அந்த மனிதர் 'அருமை' என்று எழுதியிருக்கிறார். வேண்டுமென்றே எழுதினாரா, அன்றைக்கு வாயில் வந்த பெயரா, எதுவாகவும் இருக்கலாம். என் கொள்ளுப்பாட்டியின் பெயர் முதன்முதலாக ஒரு காகிதத்தில் ஏறியது அந்த இடத்தில்தான். பெயரைப் பிடுங்கினார்கள் என்று என்னிடம் யாராவது வந்து சொன்னால், எந்தப் பெயரை என்று கேட்பேன்.

ஊர் என்ன செய்தது தெரியுமா? அவள் சாகும்வரை போதும் என்றே கூப்பிட்டது. கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவ ஊர்தான். கல்லறையில் மட்டும் அருமைக்கனி.

கல்லறை என்றதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் கல்லறைத் தோட்டத்திலும் ஒரு மூலை யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். பலகை கிடையாது, சுவர் கிடையாது, தெரியும். பனையேறிகளின் பிள்ளைகள் நாங்கள், படித்தோம், நிமிர்ந்தோம், நிமிர்ந்ததும் கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டோம்.

கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் 2019இல் தவறிப்போனார். ஆபீசில் இருந்து நாங்கள் வைத்த கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் ஒரு பெயர், வீட்டு வாசலில் சபைக்காரர்கள் ஒட்டிய நோட்டீசில் இன்னொரு பெயர். மாலை வாங்கிக்கொண்டு வந்த ஆட்கள் இது அந்த வீடுதானா என்று தெருமுனையில் நின்று விசாரித்தார்கள். முப்பது வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவரின் கோவில் பெயரை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு பெயருக்குக் காரணம் சட்டம்: 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு இந்து என்று சான்றிதழ் கேட்பது அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடி என்று சொன்னது. தீர்ப்பை வாசித்தபோது எனக்கு அந்த ஃபிளெக்ஸ்தான் ஞாபகம் வந்தது. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று சட்டம் நம்புகிறது. எங்கள் கல்லறைத் தோட்டத்தைச் சட்டம் வந்து பார்க்கவில்லை. இரண்டு பெயரில் வாழ்ந்த அந்த மனிதரை மோசடிக்காரர் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. சட்டம் ஒரு பக்கம் இழுத்தது, சபை மறுபக்கம் தள்ளியது, நடுவில் அவர் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

பேத்திக்கு வருகிறேன். அருமைக்கனி என்று வைப்போம் என்று குழுவில் போட்டேன். 43 பேரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். மகள் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா, ஸ்கூல்ல கனி கனின்னு கேலி பண்ணுவாங்கப்பா" என்றாள். அப்புறம் அவளே ஒரு வழி சொன்னாள்: "பர்த் சர்டிபிகேட்ல நாங்க வச்ச பேரு இருக்கட்டும், கோயில்ல உங்க பேரச் சொல்லிக்கோங்க." சந்தோஷமாகச் சரி என்றேன். போனை வைத்தபிறகுதான், கோவிலுக்கு ஒரு பெயர், காகிதத்துக்கு ஒரு பெயரா என்று உறுத்த ஆரம்பித்தது. திரும்பக் கூப்பிட்டு, எனக்கு என் பெயர் வேண்டாம், நீங்கள் எந்தப் பெயரை வைத்துக் கூப்பிடுகிறீர்களோ அதையே கோவிலிலும் சொல்லுங்கள் என்றேன். அவளுக்கு நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் எங்களை முன்னால் கூப்பிட்டார்கள். மின்விசிறி ஓடினாலும் காற்று வரவில்லை. தொட்டியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுப் பிள்ளை கழுத்தைத் திருப்பிப் பார்த்தது, அழவில்லை. ஐயர் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு பெயரைச் சொல்லுங்கள் என்றார். ஞானப்பெற்றோர் வாயைத் திறப்பதற்கு முன்னால் மகள் முந்திக்கொண்டு, அவர்கள் வைத்த பெயரையும் அதோடு அருமை என்பதையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னாள். ஐயருக்குச் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மைக் பக்கத்தில் இருந்ததால் இரண்டாவது தடவை கோவில் முழுக்கக் கேட்டது. மைனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

(அந்த முதல் பெயர் என்ன என்று கேட்காதீர்கள். பிள்ளையின் பெயரும் படமும் முகநூலில் வரக்கூடாது என்று மகள் உத்தரவு. அர்த்தம் மட்டும் சொல்கிறேன், கடவுளின் பரிசு.)

ஆராதனை முடிந்து கறிச்சோற்றுக்கு எல்லோரும் கலைந்த பிறகு, கையெழுத்துப் போட ஐயர் கூப்பிட்டார். இப்போது இருப்பது புதுப் பதிவேடு, அச்சடித்த கட்டங்கள். பெயர்க் கட்டம் சின்னது. ஐயர் மகள் வைத்த பெயரை எழுதி முடித்தபோதே இடம் தீர்ந்துவிட்டது. பேனாவைத் தூக்கிப்பிடித்து ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அருமையைப் பொடி எழுத்தில் பக்கத்துக் கட்டத்துக்குள் தள்ளினார். அது மருமகன் பெயரின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.