ஐந்தே வாரம்!

தம்பி: அக்கா, இந்த விடுமுறையில் மூன்று பாடங்களை முடித்துவிடப் போகிறேன். விரைவு வகுப்பு! ஐந்தே வாரம்.

அக்கா: ஒன்றன்பின் ஒன்றாகவா?

தம்பி: மூன்றும் ஒரே நேரத்தில். மீதி விடுமுறை முழுக்கத் தூங்கலாம்.

அக்கா: பாடத்துக்கு எத்தனை கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் மதிப்பலகு?

தம்பி: மூன்று. வழக்கமான கல்லூரிப் பருவத்தில் 15 வாரம் உட்கார்ந்து படிப்பவனுக்கும் அதே மூன்றுதான். பாவம், பத்து வாரம் நஷ்டம்.

அக்கா: கிரெடிட் குறையவில்லை என்றால் பாடமும் குறையவில்லை. வழக்கமான கணக்கு என்ன? ஒரு கிரெடிட்டுக்கு வாரம் 1 மணி நேரம் வகுப்பு, 2 மணி நேரம் சொந்தப் படிப்பு. ஒரு பாடத்துக்கு வாரம் 9 மணி நேரம், பருவம் முழுக்க 135. அதை ஐந்து வாரத்தில் அடைத்துப் பார்.

தம்பி: வாரம் 27. சமாளிக்கலாமே!

அக்கா: மூன்று பாடம் என்றாயே.

தம்பி: 81... அக்கா, ஒரு வாரத்தில் மொத்தம் எத்தனை மணி நேரம்?

அக்கா: 168. நீ தூங்குவதைக் கழித்தால் ஒன்றும் தேறாது.

தம்பி: இருங்கள், நான்தான் சொந்தப் படிப்பு என்ற ஒன்றை எந்தப் பருவத்திலும் வைத்துக்கொண்டதில்லையே. அதை நீக்கினால் மூன்று பாடத்துக்கும் சேர்த்தே 27 தான்!

அக்கா: அதனால்தான் புள்ளியியல் உன்னை மறுபடியும் கூப்பிடுகிறது. தேர்வுக்கு முந்தைய வாரம் புத்தகத்தைத் திறப்பவன் நீ. இங்கே ஒவ்வொரு வாரமும் தேர்வுக்கு முந்தைய வாரம்தான்.

தம்பி: அப்படியானால் இது யாருக்குத்தான் ஒத்துவரும்?

அக்கா: ஒரே பாடத்தை எடுத்து அதிலேயே மூழ்கிக் கிடப்பவர்களுக்கு. தினமும் வகுப்பு இருப்பதால் நேற்று நடத்தியது மறப்பதற்குள் இன்றைய பாடம் வந்துவிடும். ஆனால் எழுதி, திருத்தி, மீண்டும் எழுதும் பாடம் என்றால் மூச்சு முட்டும்.

தம்பி: சரி, புள்ளியியல் மட்டும். பெயர்கூடக் கொடுத்துவிட்டேன்.

அக்கா: நல்லது. எப்போது தொடக்கம்?

தம்பி: திங்கட்கிழமையே தொடங்கிவிட்டது.

அக்கா: இன்று புதன்கிழமை மாலை!

தம்பி: மூன்று நாள்தானே அக்கா.

அக்கா: வழக்கமான வகுப்பில் அது கிட்டத்தட்ட இரண்டு வாரப் பாடம்!

தம்பி: பார்த்தீர்களா, எவ்வளவு வேகமான படிப்பு! வகுப்புக்குள் நுழையாமலே இரண்டு வாரத்தை முடித்துவிட்டேன்.