அந்தப் பனி டிசம்பர் பனி இல்லை

அமெரிக்கத் தொலைக்காட்சியான ஹால்மார்க் சேனல் பற்றி ஒரு நண்பர், “ஹால்மார்க் சேனலின் கிறிஸ்துமஸ் காதல் படங்கள் எல்லாம் டிசம்பரில், அமெரிக்காவின் பனி பெய்யும் சிற்றூர்களிலேயே எடுக்கப்படுகின்றன, அதனால்தான் அவ்வளவு இயல்பாக இருக்கின்றன” என்று எழுதியிருக்கிறார். அது சரியல்ல.

கதை நடப்பது அமெரிக்காவில்தான். ஆனால் படப்பிடிப்பில் பெரும்பகுதி கனடாவில் நடக்கிறது. வான்கூவரை ஒட்டிய ஃபோர்ட் லாங்லி, ஒட்டாவா அருகில் உள்ள ஆல்மான்ட் போன்ற ஊர்களின் பழைய கடைத்தெருக்களைத்தான் நாம் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அங்கே கிடைக்கும் வரிச்சலுகையும், அமெரிக்க டாலரைவிடக் குறைவான கனடா டாலர் மதிப்பும் முக்கியக் காரணங்கள்.

மாதமும் டிசம்பராக இருக்க வழியில்லை. அந்தச் சேனலில் 2009-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் பட வரிசை இப்போதெல்லாம் அக்டோபரிலேயே ஒளிபரப்பாகிவிடுகிறது. அதற்குள் எடிட்டிங், இசை எல்லாம் முடிய வேண்டுமே! ஆகவே பல படங்கள் கோடையில், சுமார் மூன்றே வாரங்களில் எடுக்கப்படுகின்றன. புல்தரையில் வெள்ளைப் போர்வை விரிப்பார்கள், கூரை ஓரத்தில் நுரை அடிப்பார்கள். அடுத்த முறை கவனியுங்கள்: கடுங்குளிர் என்று வசனம் பேசும்போது வாயிலிருந்து ஆவி வராது, பின்னால் மரம் பச்சைப்பசேல் என்று நிற்கும். கம்பளிக் கோட்டும் மஃப்ளரும் போட்டுக்கொண்டு வெயிலில் நின்று குளிரில் நடுங்குவதுபோல நடிப்பது லேசான வேலையா? அந்த இயல்புக்கான பாராட்டு நடிகர்களுக்கும் கலை இயக்கக் குழுவுக்கும் போக வேண்டும்.

எல்லாமே இப்படித்தான் என்று சொல்லவில்லை. 2023-இல் வந்த ‘எ பில்ட்மோர் கிறிஸ்துமஸ்’ அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள பில்ட்மோர் மாளிகையிலேயே எடுக்கப்பட்டது.